கூட்டல் குறியை மட்டும் பார்க்கவும்

மூக்கு அரித்தது. அரிக்கும் என்று தெரியும், தெரிந்தே வந்து படுத்தவள்தான் மங்கையர்க்கரசி, ஆனாலும் இவ்வளவு சீக்கிரமாகவா? கட்டில் இன்னும் முழுசாக உள்ளே போய்ச் சேரவில்லை. தலைக்கு மாட்டிய கூண்டு காதோரம் அழுத்துகிறது, காதுக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஹெட்ஃபோன், கால்மேல் ஒரு கம்பளி, வலது கையில் பொத்தான், இடது கையில் பயம் வந்தால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து. இத்தனையும் ஆன பிறகு, சரியாக மூக்குத்தியைக் கழற்றிய இடத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு அரிப்பு. எத்தனை பேரை இந்தக் குழாய்க்குள் அனுப்பியிருக்கிறாள்! "ஒண்ணுமே இல்லீங்க, படுத்துத் தூங்குற மாதிரிதான்" என்று எவ்வளவு இனிமையாகச் சொல்லியிருக்கிறாள்! அந்த வாய்க்கு இப்போது நல்லா வேணும். ஹெட்ஃபோனில் சவரிமுத்துவின் குரல் வந்தது. ஸ்கேன் மிஷினை ஓட்டுகிறவர், இந்தக் கூடத்தில் அவளுக்கும் முந்தி வேலைக்குச் சேர்ந்தவர். "மேடம், தலையை ஆட்டாதீங்க. மூக்கு அரிச்சாலும் பொறுத்துக்குங்க." எப்படித்தான் தெரியுமோ மனுஷனுக்கு. இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு சோதனையை யார் உருவாக்கினாலும் முதல் ஆளாக அவரே உள்ளே போய்ப் படுக்க வேண்டும். சமைத்தவள்தான் முதலில் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளே ஒரு காலத்தில் சட்டம் பேசி ஆரம்பித்து வைத்தது. இந்தச் சோதனையையும் அவள்தான் சமைத்தாள். கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரு திரை தெரியும், திரை நடுவில் ஒரு கூட்டல் குறி. அது சிவப்பாக மாறும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. குறிக்குப் பின்னால் முகங்கள் வந்து வந்து போகும், அதைச் சட்டை செய்யக்கூடாது. எல்லாம் முன்பின் தெரியாத முகங்கள், நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்த முகம். கவனம் வேறு எங்கோ இருக்கும்போது தெரிந்த முகம் வந்து போனால் ஆளுக்குத் தெரியுமா? ஆளுக்குத் தெரியாவிட்டாலும் மூளைக்குத் தெரியுமா? அதுதான் கேள்வி. அந்த ஒரு படம் எது என்று அவளுக்கே தெரியக்கூடாது என்பதால், அவளுடைய மாணவி ரிஸ்வானா நேராக அவள் தங்கை திலகவதிக்குப் போன் போட்டு வாங்கி வைத்திருக்கிறாள். என்ன படம் அனுப்பினாளோ கழுதை.

டக் டக் டக் டக் என்று மிஷின் ஆரம்பித்தது. திரையில் கூட்டல் குறி வந்தது. கறுப்புக் குறி, சாம்பல் திரை, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு பொருள், இதைப் போய்ப் பார் பார் என்றால் கண்ணு எவ்வளவு நேரம் பார்க்கும்? கண்ணுக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளாது. ஆணி அடித்து வைத்த மாதிரி பார்க்கிறேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது துளித்துளியாகத் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், துள்ளும் நேரமெல்லாம் நமக்குப் பார்வையும் மங்கல்தான், அந்த ஓட்டையை மூளை பூசி மெழுகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால், தன் கண் அசைவதைத் தானே பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. முதல் வகுப்பில் பிள்ளைகளை இதைச் செய்யச் சொன்னால் எல்லோரும் பாத்ரூம் கண்ணாடிக்கு ஓடுவார்கள். சிவப்பு. அமுக்கினாள். பார், எவ்வளவு சுதாரிப்பு. பின்னால் ஒரு வழுக்கைத் தலை வந்து போனது, ஒரு நெற்றிப் பொட்டு, ஒரு கண்ணாடி போட்ட பெண், போங்கள் போங்கள், உங்களை யார் பார்த்தது. சிவப்பு, அமுக்கினாள். சின்ன வயதில் அவளை இந்தக் கிறுக்குக்கு இழுத்துவிட்டது ஒரு மலை. பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரமெல்லாம் பின்னால் ஓடும், தூரத்துக் குற்றால மலை மட்டும் ஓடாமல் கூடவே வரும். "யப்பா, மல ஏன் நம்ம கூடயே வருது?" என்று கேட்டாள். அப்பா அந்தப் பஸ்ஸின் கண்டக்டர், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வண்டி. காதில் செருகிய பென்சிலோடு திரும்பி, "அதுக்குந்தான் டிக்கெட் கிழிச்சிருக்கேம்லா" என்றார். அப்பா என்றதும் காலையில் திலகவதி போன் பண்ணியது வந்து முன்னால் நின்றது. தள்ளினாலும் போகாது. "யக்கா, ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு எழுவது நெறையுது. கோயில்ல ஒரு அர்ச்சன, வீட்டுல பாயாசம், வேற ஒண்ணுமில்ல. வருதியா இல்லியா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒத்த வார்த்தையில சொல்லிரு" என்றாள். அதற்கு முன்னால் வழக்கமான புலம்பல் ஒரு மூட்டை. குளிக்க மாட்டேங்காரு, தோசையப் பிச்சுச் சட்டப்பையில போட்டுக்கிடுதாரு, ஈரத் துண்ட நாற்காலில போட்டு வைக்காரு, எடுத்தாக் கத்துதாரு, ராத்திரி செருப்ப மாட்டிக்கிட்டு ட்யூட்டிக்கு நேரமாச்சுங்காரு, கேஸ் வேற தீரப்போவுது, மாடியில தண்ணி ஏற மாட்டேங்கு. மங்கை உம் கொட்டிக்கொண்டே மிஷின் அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். சிவப்பு, அமுக்கினாள்.

ஒத்த வார்த்தையாம். ஒத்த வார்த்தையில் சொல்கிற விஷயமா இது? அப்பாவுக்கு மறதி நோய் வந்து நாலு வருஷம். முதலில் சாவி மறந்தது, பிறகு தெரு மறந்தது, அம்மா இறந்தது மறந்தது, அது ஒரு வகையில் நல்லதுதான் என்று அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. குற்றாலிங்கம் என்ற தன் பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது. சித்திரையில் லீவு போட்டுவிட்டு மங்கை ஊருக்குப் போனாள். ரயில் ராத்திரி முழுக்கக் குலுக்கியது, கடையத்துக்கு ஆட்டோ பிடித்து, கையில் அவருக்குப் பிடித்த நேந்திரங்காய் சிப்ஸோடு வாசல் ஏறினாள். அப்பா ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். திரும்பி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவள் வாசலிலேயே நின்றாள். "எங்கம்மா எறங்கணும்?" என்றார். சிரித்தாள். திலகவதியும் சிரித்தாள். அப்புறம் மங்கை குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அப்படி ஒரு அழுகை. ஊரில் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார் அந்தக் கேள்வியை! அத்தனை பேரில் நானும் ஒருத்தியாகிவிட்டேனா? இரண்டு நாள் இருந்தாள், ஒரு தடவை கூட அப்பா அவளைப் பழையபடி "ஏளா" என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. வேலை வேலை என்று சொன்னாள், வேலையும் இருந்தது, ஆனால் வேலை இல்லாவிட்டாலும் போயிருக்கமாட்டாள், அது அவளுக்கே தெரியும். யாரோ ஒருத்தியாகப் போய் நிற்பதற்கு இவ்வளவு தூரம் ரயில் ஏற வேண்டுமா? நான் போனால் அவருக்குத் தெரியுமா, போகாவிட்டால்தான் தெரியுமா? உள்ளே ஒரு மூலையிலாவது நான் இருக்கிறேனா, இல்லை சுத்தமாகத் துடைத்துவிட்டதா? இது ஒன்று தெரிந்தால் போதும், ஒத்த வார்த்தையில் பதில் சொல்லிவிடுவாள். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் குழாயில் அவரைப் படுக்கவைக்க முடியாது. ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விடுவார். சிவப்பு, அமுக்கினாள், கொஞ்சம் தாமதம்தான்.

சரி, வேலையைப் பார். தெரிந்த முகம் எதுவாக இருக்கும்? இதை யோசிக்கவே கூடாது, யோசித்தால் சோதனை கெட்டது, ஆனால் யோசிக்காதே என்றால் யோசிக்கிற ஜன்மம்தானே இந்த மனசு. தன் மகள் படமாக இருக்கும், சித்தி திலகவதிக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். இல்லையென்றால் தன்னுடைய படத்தையே, பட்டுச்சேலையில் எடுத்ததை, அனுப்பியிருப்பாள், செய்யக்கூடியவள்தான். யார் வந்தாலும் பிடித்துவிடுவேன் என்று மங்கை ஒரு கண்ணை வாசலில் வைத்த மாதிரி இருந்தாள். சோதனையை எழுதினவளிடமே ஏமாற்று வேலையா? ரிஸ்வானா, இன்னும் நாலு வருஷம் படிக்கணும் நீ. குறி, குறி, குறி. பின்னால் காதில் கடுக்கன் போட்ட ஒருவர், இரட்டைச் சடை, சுருட்டை முடி, ஒரு அடர்ந்த மீசை, ஒரு கிழவி, பல் எடுப்பான ஒருத்தன். துண்டு. பச்சைக் கரை போட்ட துண்டு, முன் படிக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னல் பக்கம், அதன்மேல் விரித்துப் போட்டிருக்கும். பள்ளிக்கூட நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போதே கூட்டம் படியில் தொங்கும், அவள் புத்தகப்பையோடு இடித்துப் பிடித்து ஏறுவாள், அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டிலேயே அப்பா துண்டைப் போட்டுவிடுவார். வழியெல்லாம் ஆட்கள் சண்டைக்கு நிற்பார்கள், வயசான மனுஷி நிக்கேன், காலி சீட்ல துண்டு என்ன துண்டு, கண்டக்டர்னா கொம்பு மொளச்சிருக்கா? அப்பா டிக்கெட் கிழித்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், ரெண்டே வார்த்தை சொல்வாராம். "ஆளு வருது." டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், உங்கப்பன் எட்டாங்கிளாஸ் பிள்ளைக்காகக் கலெக்டர் வாரமாதிரி எடம் புடிக்காம்டி என்று. உட்கார்ந்ததும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். தோல்பை வாடையும் விபூதி வாடையும் வேர்வையும் சேர்ந்து அடிக்கும் அதில். மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பாள். எத்தனை வருஷம் ஆச்சு இதை நினைத்து? இதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தாளே, இது எங்கிருந்து இப்போது வந்தது? ஐயோ, சிவந்ததா? இப்போது சிவந்ததா? அமுக்கினேனா? குறி கறுப்பாக இருக்கிறது, அது எப்போதும் கறுப்பாகத்தான் இருந்த மாதிரி, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறது.

அதன்பிறகு அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது. சும்மா வந்த பயம், முதலில் கழுத்தில் வியர்த்தது, பிறகுதான் பயம் என்று தெரிந்தது. குழாய் முகத்துக்கு இத்தனை கிட்டத்தில் இருப்பது இப்போதுதான் உறைத்தது. சிவந்ததா இல்லையா என்பது கூடத் தெரியவில்லையே, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததோ? அவருக்கும் உலகம் ஒரு கணம் சிவந்து, அவர் வேறெங்கோ இருந்து, திரும்பிப் பார்க்கும்போது கறுப்பாக, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றிருக்குமோ? அவருக்கு எதுவும் தொலைந்த மாதிரியே இருந்திருக்காது. இடது கையில் பந்து இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் சவரிமுத்து வந்துவிடுவார், வெளியே இழுத்துவிடுவார், மூக்கையும் சொறியலாம். ஆனால் மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த மானம் ஒன்று இருக்கிறதே. பந்தை விட்டுவிட்டுக் குறியைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் டக் டக் என்று ஓடியது. இந்தச் சத்தம்தான், வேறென்ன, நிறுத்தத்தில் எஞ்சின் அணைக்காமல் நிற்கிற பஸ் மாதிரி இருக்கிறது, அதுதான் துண்டைக் கொண்டுவந்திருக்கிறது. காரணம் கிடைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஆனால் மனசு ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தது: சத்தம் ஆரம்பத்திலிருந்தே ஓடுகிறது, துண்டு ஏன் நடுவில் வந்தது? சிவப்பு, அமுக்கினாள். சிவப்பு, அமுக்கினாள். மிஷின் நின்றது. அந்த அமைதி காதில் வந்து அறைந்தது.

வெளியே வந்ததும் முதல் வேலையாக மூக்கை ஆசை தீரச் சொறிந்தாள். சவரிமுத்து மூக்குத்தியும் கம்மலும் இருந்த கிண்ணத்தை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"எப்படி மேம் இருந்துச்சு?" என்றாள் ரிஸ்வானா. அவளுக்குப் பரீட்சை முடிவு கேட்கிற முகம்.

"படம் போட மறந்துட்டியாடி? தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட வரல."

"வந்துச்சு மேம்."

"வரவே இல்லங்கறேன். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அதுதான் மேம் பிரச்சினையே," என்று சிரித்துக்கொண்டே ரிஸ்வானா கணினியைத் திருப்பினாள். "மூளைப் படமெல்லாம் கணக்குப் போட நாளைக்கு ஆகும். பொத்தான் கணக்கு மட்டும் ரெடி. எல்லாத்துக்கும் கரெக்டா அமுக்கியிருக்கீங்க. ஒரே ஒரு சிவப்பத்தான் விட்டுட்டீங்க. அது எங்க பாருங்க, அந்த முகம் வந்து போன அடுத்த நொடி."

திரையில் படத்தைத் திறந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், எண்ணெய் வைத்து வாரிய தலை, அடர்ந்த மீசை, கழுத்தில் காக்கிச் சட்டைக் காலர். மங்கைக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் பிறப்பதற்கு முன்னால், அப்பா. இந்தப் படத்தை வீட்டில் எங்கோ பெட்டிக்கடியில் ஒரு தடவை பார்த்திருப்பாள், அதுகூட நிச்சயமில்லை. யாரோ ஒரு மீசை என்று நினைத்தாளே, அந்த மீசைதான். அவள் பார்க்கவில்லை. பார்த்த ஞாபகமும் இல்லை. ஆனால் உள்ளே யாரோ பார்த்திருக்கிறார்கள், பார்த்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துபோய், முப்பது வருஷத்துக்கு அடியிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார்கள்.  உடனே அவளுக்குள் இருந்த வாத்தியாரம்மா எழுந்தாள். ஒரு ஆள், ஒரு படம், ஒரு சிவப்பு, இதெல்லாம் ஒரு முடிவா? ஒரு தடவை நடந்தால் அது ஆராய்ச்சி இல்லை, வெறும் செய்தி என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறாள். சரிதான், செய்திதான். ஆனால் செய்தி எவ்வளவு நல்ல செய்தி! துண்டு, பச்சைக் கரைத் துண்டு என்று மறுபடி மறுபடி அதையே சுற்றிக்கொண்டிருந்தது மனசு, ஏதோ ஒன்றில் மாட்டிக் கிழிகிற மாதிரி, அதைத் தாண்டிப் போகவே மாட்டேன் என்றது. துண்டு என்று இன்றைக்கு வேறு யாரோ சொன்னார்களே. யார் சொன்னார்கள்? காலையில், சாவி தேடும்போது, காதோரம். குளிக்க மாட்டேங்காரு, தோசையப் பிச்சு... அவள் பொட்டலத்தைப் பிரித்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கம்மலைக்கூடப் போடாமல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"என்னக்கா, முடிவு பண்ணிட்டியா?" என்றாள் திலகவதி. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அத விடு. அப்பா துண்டப் போடுதாருன்னு சொன்னேல்லா, எந்த நாற்காலில?"

"எந்த நாற்காலின்னா? அந்த மர நாற்காலிதான். நான் துண்டு காயப்போடுதாருன்னுல்லா நெனச்சேன். கொடியில போட்டாலும் எடுத்துட்டு வந்து அதுலயே போடுதாரு."

"நாற்காலி எங்க கெடக்கு?"

"ஜன்னல் பக்கத்துல. அவருதான் இழுத்துப் போட்டாரு. ஏன் கேக்க?"

மங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்க வேண்டும், பதிலை வாயில் ஊட்டிவிடக் கூடாது. "அதுல யாரு உக்காருவா?"

"யாரையும் விட மாட்டாரு. அன்னைக்கு சித்தப்பா தெரியாம உக்காந்துட்டாரு, கையப் புடிச்சு எழுப்பி விட்டுட்டாரு. எம்பிள்ளய வெரட்டுதாரு. அவரும் உக்கார மாட்டாரு, பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பாரு."

"இது எப்பருந்து?"

திலகவதி யோசித்தாள். "நீ சித்திரையில வந்துட்டுப் போனல்லா, அதுக்குப் பொறகுதான். ஆமா, நீ போன மறுநாளே ஆரம்பிச்சாச்சு."

"ஏன்னு கேட்டியா நீ?"

"கேக்காமயா? தெனமும் கேக்கேன். ஒரே பதிலுதான். 'ஆளு வருது'ங்காரு. எந்த ஆளு வருது? இங்க ஒரு ஈ, காக்கா எட்டிப் பாக்கல.  சரி நீ வருதியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல. நான் பாயாசத்துக்குப் பால் சொல்லணும்."

வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மங்கை அழுதாள். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

"துண்ட எடுக்காதட்டி," என்றாள். "அந்த ஆளு ஞாயித்துக்கெழம வருதுன்னு சொல்லு."